முதலில் யூனிகோட், அப்புறம் செயற்கை நுண்ணறிவு: வன்னியில் ஓர் உயர்கல்வி அலுவலகத்தின் நிகழ்வு ஆய்வு

இது இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள ஓர் அரச உயர்கல்வி நிறுவனத்தில் நடந்த பயிற்சி முயற்சி ஒன்றின் ஆய்வு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சிறிய இடம், பதவியைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பயிற்சி பெற்றவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள், ஓய்வுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருப்பவர்கள்: முகாமைத்துவ உதவியாளர்கள், நூலக உத்தியோகத்தர்கள், ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், சில சிரேஷ்ட விரிவுரையாளர்கள். நான் அங்கே கணினிப் போதனாசிரியர். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னியில் உயர்கல்வி நிறுவனங்கள் வளர்ந்த வேகத்துக்கு அவற்றின் அலுவலகங்கள் வளரவில்லை. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது வவுனியாப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. இலங்கை - ஜேர்மன் தொழில்பயிற்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஒரு நிறுவனம் தரமுயர்த்தப்படும்போது புதிய கட்டடம் வரும், புதிய பீடம் வரும். அலுவலகத்தில் பெரும்பாலும் பழைய ஆட்களே இருப்பார்கள். முன்பு வேறோரிடத்தில் செய்யப்பட்ட பரீட்சை வேலையும் நிதி வேலையும் ஆளணி வேலையும் அவர்களுடைய மேசைக்கே வந்து சேரும்.

அந்தப் பழைய ஆட்கள் யார்? இன்று நாற்பத்தைந்து வயதில் இருக்கும் ஒரு வன்னி உத்தியோகத்தர் உயர்தரம் படித்த காலத்தில் ஊரில் மின்சாரம் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இவர்கள். பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள். வவுனியா நகரில் இருந்தவர்களின் கதை வேறு, அங்கே மின்சாரம் இருந்தது. ஆனால் நகரைத் தாண்டி, ஓமந்தைக்கு வடக்கே கணினியை முதலில் தொட்டதே பலருக்கு 2002 சமாதான காலத்தில்தான். அதுவும் 2006இல் போர் மீண்டும் மூண்டதோடு கைவிட்டுப் போனது. 2009க்குப் பிறகு, முப்பது வயதை நெருங்கும்போது, வேலை கிடைத்த கையோடு தட்டச்சு பழகினார்கள். ‘இவர்களுக்குத் தொழில்நுட்பம் ஏறாது’ என்று கூட்டங்களில் யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை இது. எதைத் தொட்டுப் பழகலாம், எதைத் தொட்டால் உடையும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புகள் தொடங்கின. அதுவரை பவர்பொயின்ற்றைத் தவிர வேறெதையும் திறக்காத விரிவுரையாளர்கள்கூட மிகச் சீக்கிரத்தில் வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார்கள். யாரும் அவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கொடுக்கவில்லை. கையில் வேலை இருந்தது, பிள்ளைகள் காத்திருந்தார்கள், கேட்டால் சொல்லித்தர ஆள் இருந்தது. இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பக் கண்டதும் இந்த மூன்றும்தான்.

முதல் பயிலரங்கு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, எங்கும் போலவே எங்கள் நிறுவனத்திலும் ‘ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பயிலரங்கு’ ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. வெளியிலிருந்து வளவாளர் வந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் ஒரு நாள் முழுக்க ஆங்கிலத்தில். பயிற்சிக்குக் கொடுத்தது ஒரு புதிய பானத்துக்கு விளம்பரம் எழுதுவதும், சுற்றுலாத் திட்டம் போடுவதும். பின்னேரம் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் காலை யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

இல்லை, ஒருவர் பயன்படுத்திப் பார்த்தார். பரீட்சைப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்யும் ஓர் அக்கா. மாணவர்களுக்கு அனுப்பும் பழைய அறிவித்தல் ஒன்றை வேர்ட் கோப்பிலிருந்து எடுத்து, சாட்ஜிபிடியில் ஒட்டி, ‘இதைச் சுருக்கமாக எழுது’ என்று கேட்டிருக்கிறார். திரையில் வந்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஒரு குழப்பம். கருவியும் ‘இது எந்த மொழியென்று புரியவில்லை’ என்ற பாணியில் பதில் சொன்னது. அக்கா என்னிடம் வந்து, “தம்பி, உது எங்கட ஆக்களுக்குச் செய்ததில்லைப் போல” என்றார். அந்த ஒரு முயற்சியோடு அவர் அதை மூடி வைத்துவிட்டார். அவருடைய பார்வையில் அந்த முடிவு முற்றிலும் நியாயமானது.

பிரச்சினை அவரிடமும் இல்லை, கருவியிடமும் இல்லை. கோப்பு பாமினியில் இருந்தது.

பாமினி என்ற முடிச்சு

இலங்கையின் தமிழ் அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினி பழைய முறையில் அமைந்த எழுத்துரு. அதில் நீங்கள் ‘ம’ என்று பார்ப்பது கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்துத்தான். அந்த ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மெய்யெழுத்தின் புள்ளி உண்மையில் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உள்ள கணினியில், அச்சுத் தாளில், எல்லாம் அழகாகத் தெரியும். வேறு எங்கே கொண்டுபோனாலும் போர்வை கழன்றுவிடும்: மின்னஞ்சலில், வட்ஸ்அப்பில், தேடலில், செயற்கை நுண்ணறிவுக் கருவியில். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அலுவலகங்களில் பாமினி நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது வசதி. அச்சகங்களும் அதையே கேட்டன. கடிதம் அச்சாகிக் கையெழுத்தாகிக் கோவைக்குள் போய்விடும். கோப்பை இயந்திரம் ஒன்று வாசிக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் திறன் என்று பேசும், எனக்குத் தெரிந்த எந்தச் சட்டகமும் இந்தப் படியைக் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கல்வியாளர்களுக்காக வெளியிட்ட டிஜிட்டல் திறன் சட்டகத்தில் 22 திறன்கள் உண்டு. யுனெஸ்கோ 2024இல் ஆசிரியர்களுக்கென்று வெளியிட்ட ஏஐ திறன் சட்டகத்தில் 15 உண்டு. இரண்டும் பயனுள்ளவை, நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டும் கற்பிப்பவரை மையமாக வைத்தவை. பரீட்சைப் பிரிவின் முகாமைத்துவ உதவியாளர் அவற்றில் எங்கும் இல்லை. தன் கோப்பைக் கருவியால் வாசிக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவரைப் பற்றியும் அவற்றில் ஒரு வரி இல்லை. வன்னியைப் பொறுத்தவரை, யூனிகோடுக்கு மாறாத அலுவலகத்தில் ஏஐ பயிற்சி நடத்துவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே இரண்டாம் முயற்சி யூனிகோடிலிருந்து தொடங்கியது. இங்கேதான் நல்ல ஒரு விஷயம் கிடைத்தது. யூனிகோடுக்கு மாறுவதென்றால் விசைப்பலகையைப் புதிதாகப் பழக வேண்டும் என்றே எல்லோரும் பயந்திருந்தார்கள். ‘இந்த வயசில விரலை மாத்தச் சொல்லாதேங்கோ’ என்பதுதான் முதல் எதிர்ப்பு. அது தேவையே இல்லை. இகலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு யூனிகோடில் எழுதலாம். விரல் பழைய இடத்துக்கே போகும், திரையில் விழுவது யூனிகோட் எழுத்து. இதைக் காட்டியபோது ஓர் அண்ணை உடனேயே தன் பெயரைத் தட்டி, அதைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் தன் மகளுக்கு அனுப்பினார். அது எழுத்துச் சிதையாமல் போய்ச் சேர்ந்தது. பயிலரங்கின் ஒரு நாள் தராத நம்பிக்கையை அந்தச் சிறு செய்தி தந்தது.

பழைய கோப்புகளை மாற்றுவது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் எங்கள் கடிதங்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். மாற்றும் கருவி அந்த வித்தியாசத்தை அறியாது. மின்னஞ்சல் முகவரி, பாடக் குறியீடு, மாணவரின் ஆங்கில முதலெழுத்து எல்லாவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிடும். உண்மையான அரைப்புள்ளி இருந்த இடத்தில் தனியாக ஒரு புள்ளி மிதக்கும். இதைத் திருத்த, பந்தி பந்தியாகப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பழைய கோப்புகளை மொத்தமாக மாற்றுவதில்லை, எது திரும்பத் தேவைப்படுகிறதோ அதை மட்டும் தேவைப்படும் நாளில் மாற்றுவது. இனி எழுதும் எதுவும் யூனிகோடில்தான். நான் எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற ஆசையில் இருந்தேன். அவர்களுடைய முடிவு நடைமுறைக்கு உகந்ததாக இருந்தது.

சிங்களச் சுற்றுநிருபம்

கோப்புகள் யூனிகோடில் வரத் தொடங்கியதும் கருவியைக் கொண்டு முதலில் என்ன செய்வது என்று அவர்களிடமே கேட்டோம். கடிதம் எழுதுவது, சுருக்கம் செய்வது என்று எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் கேட்டது மொழிபெயர்ப்பு. கொழும்பிலிருந்து வரும் சில சுற்றுநிருபங்கள் சிங்களத்தில் மட்டும் வந்து சேரும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆனால் தமிழ்ப் பிரதி வரும்வரை காத்திருந்தால் விண்ணப்பத் திகதி போய்விடும். இதுவரை சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடித் திரிவார்கள். சம்பளம், லீவு, கடன் பற்றிய அறிவித்தலைக்கூட இன்னொருவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் உத்தியோகத்தருக்கு இது எவ்வளவு மனத்தாங்கல் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அச்சிட்ட தாளைப் போனில் படமெடுத்து, எழுத்தைப் பிரித்து, தமிழாக்கும் வேலையை இப்போதைய கருவிகள் ஓரளவு செய்கின்றன. பொருள் பிடிபடுகிறது. ஆனால் அப்படியே நம்பக் கூடாத இடங்களும் உடனே தெரிந்தன. மங்கலான படத்தில் 3ம் 8ம் மாறிப் போகும். ‘தவிர’ என்று வரும் விதிவிலக்கு தலைகீழாகும். கருவி கற்ற தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ் என்பதால் சுற்றுநிருபம் சுற்றறிக்கையாகவும், கணக்காய்வு தணிக்கையாகவும், பரீட்சை தேர்வாகவும் வரும். இதற்காக அவர்கள் தாங்களாகவே ஒரு சொற்பட்டியல் தயாரித்தார்கள். கருவியிடம் எதைக் கொடுக்கும்போதும் அந்தப் பட்டியலைச் சேர்த்துக் கொடுத்து, இந்தச் சொற்களையே பயன்படுத்து என்று சொல்வார்கள். அதோடு ஒரு விதியும் வைத்தார்கள்: இந்த மொழிபெயர்ப்பு எங்கள் விளக்கத்துக்கு மட்டும். இதை வைத்து யாருக்கும் கடிதம் போடுவதில்லை. திகதி, தொகை, தகைமை மூன்றையும் மூலத்தில் விரலை வைத்துப் பார்ப்பது. சிங்கள எழுத்துத் தெரியாதவருக்கும் இலக்கங்கள் தெரியும்தானே.

பரீட்சைப் பிரிவில்

இந்த ஆய்வில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். பெறுபேறு தயாரிப்பது எக்செலில். புள்ளி, தரம், திறமைச் சித்தி எல்லாவற்றுக்கும் கையால் நிறையச் செய்வார்கள். ஏஐ கருவி இதற்கு உண்மையாகவே உதவும். ஆனால் மாணவர் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் புள்ளியையும் வெளி நிறுவனத்தின் கருவியில் ஒட்டலாமா? ஒட்டக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் எங்களை நம்பித் தந்த விவரம் அது. எனவே வழக்கம் இப்படி அமைந்தது: தரவைக் கொடுக்காதே, சூத்திரத்தை மட்டும் கேள். கற்பனையாக நான்கைந்து வரி போட்டு, இந்த நிரலில் புள்ளி, அந்த நிரலில் அலகு, இதற்கு எக்செல் சூத்திரம் தா என்று கேட்பது. வந்த சூத்திரத்தை, நிறுவனத்தின் உயர் கல்விச் சபையான மூதவை ஏற்கெனவே அங்கீகரித்த பழைய மாணவர் அணியின் பெறுபேற்றில் ஓட்டிப் பார்ப்பது. விடை பொருந்தினால்தான் புதிய அணிக்கு.

முதல் சூத்திரமே பொருந்தவில்லை. கண்டுபிடித்தவர் முன்பு கருவியை மூடி வைத்த அதே அக்கா. “தம்பி, சோதினைக்கு வராத பிள்ளைக்குச் சராசரி கூடுது, உது எப்பிடி?” காரணம் எளிது. எக்செலின் சராசரிச் சூத்திரம் எழுத்து உள்ள கட்டத்தை எண்ணிக்கையில் சேர்க்காது. வராதவருக்கு இலக்கம் இல்லாமல் எழுத்துக் குறியீடு போட்டிருந்ததால், எழுதிய பாடங்களுக்கு மட்டும் சராசரி வந்துவிட்டது. கருவி இலக்கணப் பிழை இல்லாத சூத்திரத்தைத்தான் தந்திருந்தது. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் என்ன விதி இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. மருத்துவச் சான்றிதழோடு வராதவர் வேறு, சொல்லாமல் வராதவர் வேறு. மீள எழுதியவருக்குத் தரத்தில் உச்ச வரம்பு உண்டு. அக்காவின் தலைக்குள் இதெல்லாம் பல வருடமாக இருக்கிறது. எனக்கு எக்செல் தெரியும், இந்த விதிகள் தெரியாது. அன்றைக்கு அவர் அந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் அவற்றைத் தமிழில் எழுதி, கருவியிடம் கொடுத்தோம். இரண்டாவது சூத்திரம் பழைய பெறுபேற்றோடு பொருந்தியது.

இன்னொன்றும் அவர்களே கவனித்தார்கள். 2016 முதல் வரும் அடையாள அட்டையில் 12 இலக்கம். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டால் மடக்கிச் சுருக்கிக் காட்டும். அதே கோப்பை காற்புள்ளி பிரித்த வடிவில் சேமித்தால் பின்னிலக்கங்கள் போயே போய்விடும். நிரலை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் இலக்கத்தை இட வேண்டும். சிறு விஷயம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் சான்றிதழ் இந்த இலக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

விரிவுரையாளர்களின் கவலை

விரிவுரையாளர்களுக்குப் பிரச்சினை வேறு. மாணவர்கள் ஒப்படையை ஏஐயில் எழுதி வருகிறார்கள் என்ற கவலையில், ஏஐ கண்டறியும் இணையக் கருவிகளில் சிலர் ஒப்படைகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கருவி சொன்ன சதவீதத்தை வைத்துப் புள்ளி குறைக்கும் எண்ணமும் இருந்தது. இதை நான் வெளிப்படையாகவே எதிர்த்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறிகருவியை 2023 ஜூலையில், துல்லியம் போதாதென்று திரும்பப் பெற்றது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டறிகருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் டோஃபெல் என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் காட்டின. எளிய சொற்களும் ஒரே மாதிரியான வசனங்களும்தான் காரணம். மாங்குளத்திலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ வந்து, தமிழில் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதப் பழகும் பிள்ளை எப்படி எழுதும்? அப்படித்தான் எழுதும். அந்தப் பிள்ளையைத் திருடன் என்று சொல்லும் கருவியை நாங்கள் மேசையில் வைத்திருக்கக் கூடாது.

ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர் மாற்று வழி ஒன்றை எடுத்தார். ஒப்படையைச் சொந்த ஊரின் குளத்தோடு கட்டிவிட்டார்: உன் ஊர்க் குளத்தின் கீழ் எந்தப் போகத்தில் எவ்வளவு விதைத்தார்கள், கமக்கார அமைப்பில் யாரிடம் கேட்டாய், குறிப்புக் கொப்பியைக் கொண்டு வா. பிறகு ஒவ்வொருவரோடும் சில நிமிடம் வாய்மொழியாகப் பேச்சு. எழுத்தைத் திருத்த ஏஐயைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் எங்கே என்று ஒரு வரி எழுத வேண்டும். இருபது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவருக்கு, யார் குளக்கட்டில் நடந்தார், யார் நடக்கவில்லை என்று இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். வேலை கூடிவிட்டதென்பது உண்மை. பெரிய வகுப்புகளுக்கு இது சரிவராது என்று மற்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

அவிழாதவை

நேரம் கிடைப்பதில்லை. பயிற்சி நடந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைத்த இடைவெளியில்தான். பெண் உத்தியோகத்தர்கள் பலர் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், நான்கு மணிக்குப் பிறகு அவர்களை மறிக்க முடியாது, மறிக்கவும் கூடாது. வேலை நேரத்துக்குள் கற்க இடம் கொடுக்காத நிறுவனம் திறன் இல்லை என்று குறை சொல்ல உரிமையற்றது.

பணமும் ஒரு தடை. இலவசக் கணக்கில் அளவு உண்டு. ஆங்கிலத்தைவிடத் தமிழைக் கருவிகள் அதிகத் துண்டுகளாக உடைத்துக் கணக்கிடுவதால் அந்த அளவு தமிழுக்குச் சீக்கிரம் முடியும். கட்டணக் கணக்குக்கு டொலரில் அட்டை வேண்டும். அதை ஒரு முகாமைத்துவ உதவியாளர் தன் சம்பளத்தில் போடுவார் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது பழக்கம். டிஜிட்டல் வேலை என்றாலே ‘புதுசா வந்த தம்பியிட்டக் குடுங்கோ’ என்ற பழக்கம். ஒப்பந்தத்தில் வந்த இளையவர் எல்லாக் கடவுச்சொல்லையும் வைத்திருப்பார். ஒப்பந்தம் முடிந்து போகும்போது வேலையும் அவரோடு போய்விடும். மூத்தவருக்கு விதி தெரியும், கருவி தெரியாது. இளையவருக்குக் கருவி தெரியும், விதி தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, கடமைப் பட்டியலில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் அதற்கென்று எழுதித் தருமாறு நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

இதற்கிடையில் நிதிப் பிரிவிலிருந்து, தங்களுக்கும் செய்து தருமாறு கேட்டிருக்கிறார்கள். பரீட்சைப் பிரிவு அக்காவே கற்பிக்கச் சம்மதித்திருக்கிறார். மண்டபமும் புரொஜெக்டரும் வேண்டாம், நிதிப் பிரிவின் அறையில், அவர்களுடைய சொந்தக் கோப்புகளில்தான் செய்வேன் என்பது அவர் போட்ட நிபந்தனை. முதல் கோப்பாக வவுச்சர் பதிவேட்டைத் தேர்ந்திருக்கிறார்கள். அது இன்னும் பாமினியில் இருக்கிறது.